பின்சீட்டில் கலைமணி

ஒரகடம் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற கலைமணி, கொஞ்ச நாளாகப் பெண்டாட்டியின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்துதான் வேலைக்குப் போய் வருகிறான். காரணம் தெரியாமல் எதிர்வீட்டுக் காந்திமதிக்குச் சோறு இறங்குமா? காலையிலேயே போய்க் கேட்டுவிட்டாள்.

"இன்னா ஐஸ்வர்யா, உன் வூட்டுக்காரரு வண்டியத் தொடறதே இல்ல? குடிச்சிட்டு மாட்டிக்கினாரா?"

"நீ வேறக்கா. கிளவுஸ் ஒத்துக்காம கையெல்லாம் அரிப்பு, தடிப்பு. டாக்டர் குடுத்த மாத்திரைல தூக்கமாத் தள்ளுது. அதப் போட்டா வண்டி ஓட்டக் கூடாது, சரக்கும் அடிக்கக் கூடாதுன்னுட்டாரு. இவரே சூப்பர்வைசர்கிட்ட சொல்லி பேக்கிங்குக்கு மாறிக்கினாரு."

"ஒரு அரிப்பு மாத்திரைக்கா இவ்ளோ பில்டப்பு? எங்க, காட்டு."

ஐஸ்வர்யா மாத்திரை அட்டையை நீட்டினாள். பெயரைப் படித்ததும் காந்திமதியின் முகம் வெளுத்தது. அவசரமாகப் புருஷனுக்குப் போன் போட்டாள்.

"யோவ், எங்க கீற? வண்டிய எடுத்துடாத. அரிக்குதுன்னியே, எனக்கு வாங்கி மிஞ்சின மாத்திரையக் குடுத்தேனே, அதும் இதே மாத்திரதான், தூங்க வெச்சிடுமாம்."

மறுமுனையில், ஷிப்ட் பஸ் டிரைவர் இளம்பரிதி நீளமாகக் கொட்டாவி விட்டார்.

"அதான பாத்தேன். பஸ்ஸு ரொம்பி, கெளப்பச் சொல்லி ஆளுங்க கத்திக்கினு கீறாங்க, எனக்கு ஸ்டியரிங்லேர்ந்து தலையத் தூக்க முடில. இரு, வேற டிரைவர வரச் சொல்றேன்."