வாசலில் நட்ட வேகப் பலகை

தையல்காரி வீடு வீடாக ஏறி இறங்கி நூறு கையெழுத்து வாங்கியதால்தான் அந்த வேகப் பலகை வந்தது. அவள் வாசலை ஒட்டியே நட்டார்கள். எதிரே வரும் வண்டியின் வேகத்தை அது சிவப்பு எண்ணில் காட்டும். ஜன்னலிலிருந்தே படிக்கலாம். பைக்கில் பறப்பவர்கள்கூட ஒரே வாரத்தில் பெட்டிப்பாம்பாக அடங்கினார்கள்.

இரண்டாவது வாரம், காலை ஏழரை மணிக்கு, தெருவில் ஈ காக்கைகூட இல்லாதபோது பலகையில் 62 என்று விழுந்தது. மறுநாளும் அதே நேரம், அதே 62. அவள் புகார் செய்தாள். மெக்கானிக் வந்து ஏணி போட்டுப் பார்த்தார்.

"மெஷின் நல்லாத்தாம்மா இருக்கு. ஏதாவது வந்தாத்தான் நம்பர் காட்டும்."

"ஒண்ணுமே வரலையே!"

அவர் ஏணியை மடக்கினார்.

அடுத்த நாள் மகளைப் பள்ளிக்கு அழைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். 62. பிறகு எண் குறைய ஆரம்பித்தது. 40. 19. 0.

மகள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வாம்மா, கிராஸ் பண்ணலாம். நமக்காகத்தான் வண்டிய நிறுத்தியிருக்காங்க."

தெரு வெறிச்சென்று கிடந்தது. "எந்த வண்டிடி?" என்று கேட்டாள்.

"அதோ, கதவைத் திறந்து இறங்குறாங்களே."

தையல்காரி மகளை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

பலகையில் 4 என்று இருந்தது. ஒரு ஆள் நிதானமாக நடந்து வரும் வேகம் அது.