பந்தி வர்ற எடம்

பீரோவைத் திறந்து கல்யாண கேசட்டை எடுத்த ஏகாம்பரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். டேப் முழுக்க வெள்ளை வெள்ளையாய்ப் பூஞ்சை.

மகள் சந்தியா பம்பாயிலிருந்து பொங்கலுக்கு வருகிறாள். அவளிடம் இருந்த சிடி அங்கே வந்த வெள்ளத்தோடு போயிற்று. கல்யாணத்தைக் குழந்தைக்குக் காட்டணும், உங்ககிட்டதான் பத்திரமா இருக்குமே என்று போனில் ஒரே நச்சரிப்பு. இவரும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

பத்திரத்துக்கு என்ன குறைச்சல்? ரெண்டு பூட்டு, கைநிறையப் பாச்சா உருண்டை!

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு ஸ்டுடியோ ராஜாராம் கேசட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"பூட்டி வெச்சா பூஞ்சைக்குத்தாண்ணா கொண்டாட்டம். அப்பப்ப ஓட்டிக்கினே இருக்கணும். என் கம்ப்யூட்டர்ல இருந்தது இடி வுழுந்து பூட்ச்சு. அண்ணி எல்லாருக்கும் சிடி குடுத்தாங்களே, கீறல் இல்லாதது ஒண்ணு கொண்டாங்க, காப்பி போட்டுத் தரேன்."

கிளம்பினார். காவாந்தண்டலத்து மச்சான் வீட்டு சிடி வயலில் தொங்கிக் கிளி ஓட்டிக்கொண்டிருந்தது. தம்பி தன்னுடையதை மொபெட்டின் பின்னால் ரிப்ளெக்டராக முடுக்கியிருந்தான். ஐயங்கார்குளத்து அக்காவோ ஆயுத பூஜையன்று சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள், அதுவும் படம் பதிந்த பளபளப் பக்கத்திலேயே. அடப் பாவிகளா, இதுக்கா கொடுத்தோம் என்று ஏகாம்பரம் தலையில் அடித்துக்கொண்டார்.

பாக்கி இருந்தது கங்கம்மாள். இவர் கழனியில் நாற்று நடுகிறவள், ஊர்க்கோடியில் இருளர் குடிசை. டிவியே இல்லாதவளுக்கு சிடி எதுக்கு என்று அன்றைக்கு மனைவியிடம் சத்தம் போட்டவர், இன்றைக்கு அவள் வாசலில் போய் நின்றார்.

கூரையில் செருகியிருந்த உறையை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். சிடியில் ஒரு கீறல் இல்லை. ஏகாம்பரத்துக்குப் போன உயிர் வந்தது.

"மவன் வேலை செய்யற ரைஸ்மில்லுல ஒரு வாட்டி போட்டுப் பாத்தோம் நைனா. அப்பால யாரும் தொடல." கொஞ்சம் தயங்கினாள். "பந்தி வர்ற எடத்த மட்டும் வெட்டிட்டுப் போடச் சொல்லு. அதுல மூஞ்சி நல்லா இல்ல. பாப்பா பாத்தா வருத்தப்படும்."

எத்தனை வயசானாலும் இந்தப் பொம்பளைங்களுக்கு அழகு மேலதான் கண்ணு. ஸ்டுடியோவிலும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ராஜாராம் சிடியைப் போட்டான். மேளம், தாலி, சந்தியாவின் வெட்கச் சிரிப்பு. எல்லாம் நேற்று எடுத்த மாதிரி இருந்தது. ஏகாம்பரம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பந்தி வந்தது. முதல் பந்தியின் கடைசி இலையில் கங்கம்மாள், புதுப்புடவையில். பட்டு வேட்டியோடு ஏகாம்பரம் அவள் எதிரில் வந்து நிற்கிறார். விரலைச் சொடுக்குகிறார், பல்லைக் கடித்து ஏதோ சொல்கிறார், வெளியே கையைக் காட்டுகிறார். சோறு விழாத இலையை விட்டு அவள் எழுந்து போகிறாள், சிரித்த முகமாகவே.

ராஜாராம் படத்தை நிறுத்தி, திரையைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தான்.

"கங்கம்மா மூஞ்சி நல்லாத்தானே கீதுண்ணா?"