ஒரே குழி

நாவிதன்வெளி வாய்க்கால் வெட்டில் பின்னேர வெயில் ஈரக் களிமண்ணில் பளபளக்கிறது. பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு குழிகள். ஆளுக்கு ஆள் பிரித்து அளப்பதற்காக, குழிகளுக்கு நடுவே வெட்டாமல் விட்ட மண் வரம்புகள். கரையில் ஓவசியர் அளவு நாடாவை விரித்துக்கொண்டே நடக்கிறார். "ஆகக் குறைய வெட்டினவன் நாளைக்கு வரத் தேவல்ல. அப்பதான் மத்தவனுகள் உசாரா வெட்டுவானுகள்." கடைசிக் குழியில், காய்ச்சலோடு வந்திருக்கும் காரைதீவுக் கதிர்காமத்தம்பி நிமிரவில்லை. அவன் குழி முழங்கால் ஆழம்கூட இல்லை. ஆட்களுக்குத் தலைவனான ஆதம்பாவா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்புகிறார். மண்வெட்டியை ஓங்கித் தன் குழி வரம்பில் போடுகிறார். தொப்பென்று மண் சரிகிறது. "என்ன செய்யிறாய் ஆதம்பாவா?" ஓவசியர் நடையை நிறுத்திக் கேட்கிறார். அடுத்த குழிதான் எல்லாவற்றிலும் ஆழம். அதில் மார்பளவுக்கு நிற்கும் உதுமாலெவ்வை தான் வெட்டிய ஆழத்தை ஒரு கணம் பார்க்கிறான். பிறகு மறுபக்க வரம்பை அவனே தகர்க்கிறான். தொப், தொப் என்று சத்தம் குழிக்குக் குழி நகர்கிறது. கடைசி வரம்பைக் கதிர்காமத்தம்பியே வெட்டிச் சாய்க்கிறான். ஆதம்பாவா மண்வெட்டிப் பிடியில் சாய்ந்து நிமிர்கிறார். "இப்ப சொல்லுங்க ஐயா, ஆகக் குறைய வெட்டினவன் ஆரு?" ஓவசியர் நாடாவின் நுனியை விட்டெறிகிறார், யாராவது பிடிக்கட்டும் என்று. அதன் பித்தளை வளையம் சேற்றில் கிடந்து மின்னுகிறது. பன்னிரண்டு பேரும் அதைப் பார்க்கிறார்கள். ஒருவனும் குனியவில்லை.