சிவப்பு அம்பு

நெட்டை போய்ச் சேர்வதற்குள் பாதிச் சுவர் இறங்கியிருந்தது.

தையல்காரர் தன் வீட்டுச் சுவரைத் தானே கடப்பாரையால் நெம்பி ஒவ்வொரு செங்கல்லாக எடுத்துக் கொடுத்தார். அவர் மனைவி சாந்தைத் தட்டிவிட்டு அடுக்கினாள். இயந்திரம் வந்து இடித்தால் ஒரு கல்கூடத் தேறாது என்பது அந்தத் தெருவுக்குத் தெரியும்.

மிச்சச் சுவரில், நேற்று நெட்டை போட்ட சிவப்பு அம்பு இருந்தது.

நெட்டை என்று கூட்டாளிகள் கூப்பிடும் அவனுக்குக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. பத்து நாள் நில அளவை முகாம். தெருவின் மட்டம் பார்த்துப் பழகப் பதினோரு சுவர்களில் குறி போட்டார்கள். அதற்குப் பென்சில் புள்ளியே போதும். போட்டோவில் எடுப்பாக விழட்டும் என்று இவன்தான் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஆர்வக்கோளாறு.

"அண்ணே, நிறுத்துங்க. நாங்க காலேஜ் பசங்க. இது எங்க மார்க்குக்காகப் போட்டது, ரோடு எதுவும் வரல."

கல்லூரி அட்டையை எடுத்து நீட்டினான். தையல்காரர் கையைத் துடைத்துக்கொண்டு அதை மரியாதையாக வாங்கிப் பார்த்தார். அரசுக் கல்லூரி. அட்டையில் அரசு முத்திரை இருந்தது. அதுவே வினையாகப் போயிற்று.

"போன தடவை அளந்தவங்களும் சும்மாதான்னு சொன்னாங்க தம்பி. முன் ரூம் போச்சு. உங்க மேல வருத்தமில்ல. எவ்வளவு உள்ள தள்ளிக் கட்டணும்னு மட்டும் சொல்லிடுங்க."

நெட்டை சாவியால் அம்பைச் சுரண்டப் பார்த்தான். பெயிண்ட் நன்றாகப் பிடித்திருந்தது. அந்த அம்மாள் பதறி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அழித்த பழி அவர்கள் தலையில் அல்லவா விழும்.

தள்ளவே வேண்டாம், இருந்த இடத்திலேயே கட்டுங்கள் என்று கரடியாய்க் கத்தினான். சொல்லச் சொல்ல இருவர் முகமும் இருண்டது. அளவு சொல்லாத அதிகாரி முழுசாக எடுத்துக்கொள்வார் என்று அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். மிஞ்சியிருந்தது ஓர் அறை. அதில் தையல் இயந்திரம், ஒரு கட்டில், பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள்.



கடைசியில், அரை அடி என்றான். அதைவிடச் சின்னதாக ஒரு பொய் அவனுக்கு அகப்படவில்லை.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் சிரித்தே விட்டாள். அரை அடிதானா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் உட்கார நாற்காலி எடுத்துப் போட்டாள்.

நெட்டை உட்காரவில்லை. கிளம்பிவிடலாம் என்று திரும்பினான்.

குறி போட்ட மற்றப் பத்து வீட்டுக்காரர்களும், தங்கள் அளவைக் கேட்க, வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள்.