அரை மாத்திரை

தர்ம ஆஸ்பத்திரியின் சலுகை ஜன்னலில் மாடத்தி மாத்திரை வாங்குவதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அவளுக்கும் எனக்கும் ஒரே புற்றுநோய், ஒரே மாத்திரை. மருந்துக் கம்பெனி இந்த ஆஸ்பத்திரிக்கு விலை குறைத்துத் தருவதால் அவளுக்கு அது கிட்டத்தட்ட சும்மா. என் கணவருக்குச் சம்பளம் வருகிறதாம், எனக்குச் சலுகை கிடையாதாம். வெளிக்கடையில் முழு விலை. அன்று குழாயடியில் அவள் முழு மாத்திரையை அலட்சியமாக விழுங்கினாள். நான் முந்தானைக்குள் மறைத்து என்னுடையதை இரண்டாக உடைத்தேன், மாதக் கடைசிவரை வர வேண்டுமே. மீதிப் பாதியைத் தாளில் மடிப்பதை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். “குடுத்து வச்சவுகக்கா நீங்க,” என்று பெருமூச்சு விட்டாள். “நோவு கம்மின்னுதான் டாக்டர் அரை மாத்திர எழுதியிருக்காரு, என்ன?”

“ஆமா” என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.