பரபாஸ் வேஷம்

"ஈஸ்டர் பாட்டுக்காவது நானும் வந்து நிக்கட்டுங்களா ஐயா?" என்று வேணு கேட்டபோது, ராஜேந்திரன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பாட்டு கீட்டெல்லாம் கெடையாது. நாடகத்துல பரபாஸ் வேஷம் இருக்கு, வேணும்னா வா. திருடன் வேஷம். நீ நடிக்கக்கூட வேணாம், சும்மா வந்து நின்னா போதும்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். போதகர் மட்டும் சிரிக்கவில்லை.

"சரிங்கய்யா" என்றான் வேணு.

ராஜேந்திரன் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் சூப்பிரண்டு. சபையில் செயலாளரும் அவரே, பாடகர் குழுத் தலைவரும் அவரே. ஈஸ்டர் நாடகத்தை எழுதி, இயக்கி, தீர்ப்பு சொல்லும் ஆளுநர் பிலாத்துவாக நாற்காலியில் உட்காரப் போகிறவரும் அவரேதான்.

வேணு வேன் டிரைவர். நல்ல குரல். போன கிறிஸ்மஸுக்கு வீடு வீடாகப் பாடப் போன இடத்தில், சபைக்கென்று இருந்த ஒரே ஆர்மோனியம் கீழே விழுந்து நொறுங்கியது. "நான்தாங்க போட்டுட்டேன்" என்று அவனே வந்து நின்றான். அன்றைக்கே அவனைக் குழுவிலிருந்து தூக்கினார் ராஜேந்திரன். பொறுப்பில்லாதவனுக்கு இடம் கொடுத்தால் நாளைக்கு நாலு பேர் கெட்டுப்போவார்கள் என்பது அவர் சட்டம்.

இயேசு வேஷம் அவர் மகன் இளவரசனுக்கு. காலேஜ் பையன். "முகத்துலயே ஒரு களை இருக்கு பாருங்க" என்று அவரே சொல்லிக்கொண்டார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முந்தின நாள் பௌர்ணமி. சனிக்கிழமை சாயங்காலம் சர்ச் வாசலில் நாடகம் ஆரம்பித்தபோது, தெரு முழுக்க கிரிவலக் கூட்டம். மைக் சத்தம் கேட்டு நின்றவர்கள் காம்பவுண்டுச் சுவரைச் சுற்றி அப்பிக்கொண்டார்கள். இத்தனை கூட்டத்தை எதிர்பார்க்காத ராஜேந்திரனுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

குருடனுக்குப் பார்வை வந்தது. கைதட்டல். பரபாஸ் வழிப்பறி செய்தான். ஒரே திட்டு. பிறகு பிலாத்து வந்து உட்கார்ந்தார். ஒரு பக்கம் கையில் சங்கிலியோடு வேணு, மறு பக்கம் இளவரசன்.

"பண்டிகைக்கு ஒருவனை விடுதலை பண்ணுவது வழக்கம். யாரை விடட்டும்? பரபாசையா, இயேசுவையா?"

"பரபாசை!" என்று பைபிளில் உள்ளபடி கத்துவதற்காகவே முன்வரிசையில் பாடகர் குழுவை உட்கார வைத்திருந்தார். அவர்களும் கத்தினார்கள். ஆனால் சுவர்ப் பக்கமிருந்து வேறு சத்தம் கிளம்பியது.

"இயேசுவை விடு!"

"நல்லவனை விடுய்யா! திருடனை உள்ள போடு!"

கிரிவலம் வந்தவர்களுக்குக் கதை தெரியாதே! ஒத்திகையில் இது யாருக்கும் தோன்றவில்லை. ராஜேந்திரன் மறுபடி கேட்டுப் பார்த்தார். சத்தம் இன்னும் ஜாஸ்தியானது. இயேசுவை விட்டுவிட்டால் அப்புறம் சிலுவை ஏது, ஈஸ்டர் ஏது? முகத்தில் போட்ட பவுடர் வேர்வையில் வழிந்தது.

சுவர் மேல் கையூன்றி நின்ற ஒரு அம்மாள் குரல் கொடுத்தாள். "ஏன்யா ஜட்ஜய்யா! கெட்டவனை விட்டுட்டு நல்லவனைக் கொல்லுவியா? நியாயம் வேணாம்?"

"கதை அப்படித்தாம்மா!" என்றார் பிலாத்து, எதிரில் மைக் இருப்பதை மறந்து.

"என்னா பொல்லாத கதை! அந்த சங்கிலிக்காரனைப் பாரு, முழியே திருட்டு முழி!"

வேணு தலையைக் குனிந்துகொண்டான். அத்தனை தவிப்பிலும் ராஜேந்திரனுக்கு ஒரு திருப்தி. முன்னே பின்னே தெரியாதவங்களுக்கே தெரியுது பார்!

அப்போதுதான், அந்தக் காட்சியில் வாயே திறக்கக் கூடாத இளவரசன் பேசினான். வேணுவின் கைச் சங்கிலியை அவிழ்த்துத் தன் கையில் சுற்றிக்கொண்டு, அந்த அம்மாளைப் பார்த்துச் சொன்னான்.

"அவரை விட்டுடுங்கம்மா. அவரு போனா அவ்ளோதான். நான் போனா திரும்பி வந்துடுவேன்."

அந்த அம்மாள் சுவர் மேல் இன்னும் எட்டிப் பார்த்தாள்.

"நெசமாவா? எப்ப வருவே?"

"மூணாம் நாள் விடியக்காலையில."

"அப்ப சரி. போய்ட்டு வா ராசா!"

சிரிப்பும் கைதட்டலும் அடங்க நேரமானது. சிலுவைக் காட்சியில் அதே கூட்டம் மூக்கைச் சிந்தியது. கல்லறைக் கல் புரண்டு இளவரசன் வெளியே வந்ததும், "சொன்னபடி வந்துட்டான்டி!" என்று அந்த அம்மாள் பக்கத்திலிருந்தவளைப் பிடித்து உலுக்கினாள்.

நாடகம் முடிந்ததும் போதகர் மேடைக்குப் பின்னால் ஓடிவந்தார். "நான் வருஷா வருஷம் பண்ற பிரசங்கத்தை ஒரே வரியில சொல்லிட்டானே! தப்பு பண்ணவனுக்குப் பதிலா தானே போய், செத்து, உயிரோட திரும்பி வந்த ஒருத்தர். நம்ம விசுவாசத்துக்கு அஸ்திவாரமே அதுதான்."

ராஜேந்திரன் பூரித்துப்போனார். மகன் தோளில் கைபோட்டு, எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார். "நான் எழுதாத வசனம்! எங்கேருந்துடா புடிச்சே?"

இளவரசன் வேணுவைப் பார்த்தான். வேணு அவசரமாக, வேண்டாம் என்று தலையாட்டினான்.

"அது என் வசனம் இல்லப்பா. கிறிஸ்மஸ் அன்னைக்கு ஆர்மோனியத்தைப் போட்டு உடைச்சுட்டு நான் நடுங்கிக்கிட்டு நின்னப்ப, 'உங்க அப்பாகிட்ட நீ போனா அவ்ளோதான், நான் போனா திரும்பி வந்துடுவேன்'னு வேணு அண்ணன்தான் சொன்னாரு. நீங்கதான் இன்னும் அவரைத் திரும்பி வர விடல."