தலையுள்ள பாசி

பெரியவர் மூன்றாவது பாசிப் பொட்டலத்தையும் பிரித்துக் காட்டினார்.

எஸ்தரம்மா விரலால் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கோத்தகிரியில் பூச்சி தின்னும் செடிகளை வளர்த்து விற்கிற நர்சரிக்காரர்.

"இதுவும் சுவத்துப் பாசி மாதிரிதாங்க ஐயா. ஆகாது."

முதல் பொட்டலம், மேட்டுப்பாளையத்து வீட்டில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் சுரண்டியது. இரண்டாவது, பூக்கடையில் கூடைக்குள் பரப்புவது. பச்சைச் சாயம் கையெல்லாம் ஒட்டியது. மூன்றாவது, மலையேறும் வழியில் பஸ் நின்றபோது பாறையிலிருந்து பிய்த்தது. கண்டக்டர் விசிலடித்துத் திட்டினார்.

அறுபத்து மூன்று வயதில் பாசிக்காகத் திட்டு வாங்கியாயிற்று.

டிபன் டப்பாவைத் திறந்தார். உள்ளே செடி. செடி என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். வாயைப் பிளந்து ஈ பிடித்த இலைகளெல்லாம் கறுத்துத் தொங்கின. அது நின்றிருந்த பாசி அழுகிக் கொழகொழத்திருந்தது.

எஸ்தரம்மா முகர்ந்து பார்த்தார்.

"என்னத்தைங்க ஊத்துனீங்க?"

"அரிசி கழுவுன தண்ணி. தினமும்."

வீட்டுக் கறிவேப்பிலை அதில்தான் கொழித்தது. நல்லதென்று நினைத்துத்தான் ஊற்றினார். பாவி மனுஷன், ஒரு நாள்கூடத் தவறவில்லை.

"மண்ணுல சத்தே ஆகாதுங்க இதுக்கு. மழைத்தண்ணியும் பாசியும் போதும்."

செடி மருமகள் சிந்துஜாவுடையது. மூன்று வாரப் பயிற்சிக்குப் புனே கிளம்பும்போது, புருஷனிடம் சொல்லாமல் இவரிடம் வந்து நின்றாள். கொஞ்சம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள்.

கல்யாணமாகி வந்த ஏழு மாதத்தில் அவள் இவரிடம் கேட்டது அது ஒன்றுதான். மற்றபடி மாமா, காபி. மாமா, சாவி. அவ்வளவுதான் பேச்சு.

நாளைக் காலை வருகிறாள்.

எஸ்தரம்மா செடியைக் கவிழ்த்து அழுகலை உதறினார். கறுத்த இலைகளைக் கிள்ளிப் போட்டார். அடியில் சுண்டுவிரல் நகமளவு வெள்ளைக் கிழங்கு. அழுத்திப் பார்த்தார்.

பெரியவர் குனிந்து பார்த்தார்.

"கெட்டியா இருக்குதுங்க. பொழச்சுக்கும்."

அப்பாடா. பெரியவர் அங்கே கவிழ்த்து வைத்திருந்த தொட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

எஸ்தரம்மா ஒரு பிளாஸ்டிக் தொட்டி நிறையப் பாசியைக் காட்டினார். காட்டில் போய்ப் பாசி எடுக்க விடமாட்டார்கள். இது மழைநீர் பிடித்து அவரே வளர்த்தது. ஓர் இழையை உருவி இவர் உள்ளங்கையில் வைத்தார்.

"தலையப் பாருங்க."

வெளிர்பச்சைத் தண்டு. வேர் கிடையாது. உச்சியில் குட்டி நட்சத்திரமாய் ஒரு தலை. கொண்டுவந்த மூன்றிலும் அது இல்லை.

"இப்பப் பிழிஞ்சு பாருங்க." ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தார்.

பிழிந்தார். முழங்கை வரை தண்ணீர் ஓடிச் சட்டை நனைந்தது.

"அடேயப்பா!"

வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தே எத்தனை நாளாயிற்று.

மறுநாள் காலை வீட்டுக்கு வந்த சிந்துஜா பையை இறக்காமல் நேராகச் செடி இருந்த ஜன்னலுக்குப் போனாள். பின்னாலேயே போனார். பூனை தட்டிவிட்டது என்று சொல்வதாக ஏற்பாடு. மலையிறங்கும்போதே யோசித்து வைத்தது.

வாயைத் திறந்ததும் உண்மைதான் வந்தது.

"அரிசி கழுவுன தண்ணிய ஊத்திப்போட்டேன் கண்ணு. கிழங்கு கெட்டியா இருக்குது. பொழச்சுக்குமாம்."

அவள் செடியைச் சுற்றியிருந்த புதுப் பாசியில் ஓர் இழையை நிமிர்த்தித் தலையைப் பார்த்தாள். விரலால் அழுத்தினாள். நீர் கசிந்தது.

"எங்கப்பாவும் இதையேதான் ஊத்துனாரு மாமா. மூணு செடி போச்சு."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"ஒவ்வொரு தடவையும், போனாப் போகுது, வேற வாங்கிக்கன்னு சொல்லிருவாரு."

பாசியைக் காட்டிக் கேட்டாள்.

"இது எங்க கிடைச்சுது?"

"கோத்தகிரில."

"பஸ்லயா போனீங்க? இதுக்காகவா?"

தலையாட்டினார்.

சிந்துஜா சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெகுநேரம் செடியையே பார்த்தபடி நின்றாள்.

பார்ப்பதற்கு அதில் ஓர் இலைகூட இல்லை.